வழி வெட்டியவரும் மலையேறியவரும்: குனோங் லேடாங் மலையேற்ற வரலாறும் பொறுப்புடைச் சுற்றுலாவும்

முன்னுரை

மலாக்கா கடலோடு வளர்ந்த மாநிலம். அதன் வரலாற்றை எழுதுவோர் துறைமுகத்தையும் வணிகரையும் கப்பல்களையும் முதன்மைப்படுத்துவது இயல்பே. அலோர்காஜா மாவட்டத்தின் கடலோரச் சிற்றூராகிய கோலா சுங்கை பாருவும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் அக்கடல்சார் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. அங்கு மலை இல்லை. மாநிலத்தின் மறுகோடியில், ஜாசின் மாவட்டத்து ஆசாஹானைக் கடந்து, ஜொகூர் எல்லைக்குள் 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது குனோங் லேடாங். ஐரோப்பியர் இதனை ஓஃபிர் மலை என்றழைத்தனர். நீரிணையில் வந்த மாலுமிகளுக்கு இது கரையை அறிவிக்கும் குறியாக விளங்கியது. இன்று மலாக்காத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவரை மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணினால் முதலில் நினைவுக்கு வரக்கூடியதும் இம்மலையே.

ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டை அனைத்துலக மலைகள் ஆண்டாகவும் சூழல்சார் சுற்றுலா ஆண்டாகவும் அறிவித்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் பொறுப்புடைச் சுற்றுலா குறித்த சாற்றுரை வெளியிடப்பட்டது. அதன்பின் ‘பொறுப்பு’, ‘நிலைத்த வளர்ச்சி’ என்னும் சொற்கள் சுற்றுலாத் துறையில் பெருவழக்காயின. இவை அண்மைக்காலத்தில் மேலைநாடுகளிலிருந்து வந்த கருத்துகள் என்று கருதுவோர் உளர். மலையேறுவோருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளின் வரலாறு அதனினும் பன்மடங்கு பழைமையானது. அவ்வரலாற்றைக் குனோங் லேடாங்கை முன்வைத்து நோக்குவதும், மலையேறியவரின் பெயர் நின்று வழி வெட்டியவரின் பெயர் மறைந்தமையை எடுத்துக்காட்டுவதும், அவ்விடைவெளியை நீக்காத எந்தச் சுற்றுலாவும் பொறுப்புடையதாகாது என நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இலக்கியம் காட்டும் மலைவழி

மலைவழியில் செல்வோருக்கு அறிவுரை கூறும் நூலொன்று தமிழில் தொன்மைக் காலத்திலேயே தோன்றியுள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்ற பெயரும் அதற்குண்டு. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் வேறொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அது அமைந்துள்ளது. இந்நூலை மன்னன் புகழ் பாடும் நூலாகவும், மலையின் ஒலிகளைத் தொகுத்துரைக்கும் நூலாகவும் நாம் வகுப்பறைகளில் கற்பித்து வருகிறோம். அதனை வழிநடை நூலாகவும் படிக்க இடமுண்டு. பன்றிக்காக அமைக்கப்பட்ட பொறிகள், தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் ஆகியவற்றை அந்நூல் முறையாக எச்சரிக்கிறது. வழி மயங்கினால் கானவர் வந்து உதவுவர் என்கிறது. மலைவாழ் மக்களின் சிற்றூர்களில் பெறக்கூடிய உணவையும் விருந்தோம்பலையும் விரித்துரைக்கிறது.

வழிகள் பிரியும் இடத்தில், பின்வரும் புதியவர் அறியுமாறு புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு அந்நூல் பணிப்பது நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. தனக்குப் பின் வருபவர் நலனைத் தன் பயணத்தின் ஒரு பகுதியாகக் கருதும் இவ்வுணர்வே இன்று நிலைத்த சுற்றுலா எனப்படுவதன் உயிர்நாடி. வழி அறிந்தவர் வழி அறியாதவருக்குக் கூறுவது என்ற ஆற்றுப்படையின் அடிப்படையும், உள்ளூர் வழிகாட்டியின் துணையுடன் மலையேறுதல் என்ற இக்கால விதியும் ஒரே பட்டறிவிலிருந்து பிறந்தவை எனலாம்.

மலாய் இலக்கியத்திலும் இத்தகைய சான்று உண்டு. 1612ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படும் செஜாரா மெலாயு, மலாக்காவின் இறுதி சுல்தானாகிய மாமூட் ஷா குனோங் லேடாங் இளவரசியை மணக்க விரும்பித் தூதனுப்பிய கதையைக் கூறுகிறது. இளவரசி விதித்த நிபந்தனைகளைப் பலரும் அறிவர். மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னாலொரு பாலமும் வெள்ளியாலொரு பாலமும், தட்டு தட்டாகக் கொசுவின் நெஞ்சமும், தாழி நிறையக் கண்ணீரும், இறுதியில் அரசனின் குருதியும் அவன் மகனின் குருதியும் கேட்கப்பட்டன. குருதியைத் தர அரசன் உடன்படவில்லை. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் இக்கதையைப் புதிய தலைமுறையிடம் கொண்டு சேர்த்தது.

காதற்கதையாகவே இது பேசப்படுவதால் அதிலுள்ள மலையேற்றச் செய்தி கவனம் பெறுவதில்லை. தூதுக்குழுவுக்கு வழி வெட்டும் பணி துன் மாமாட் தலைமையிலிருந்த இந்திரகிரி மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. காற்றும் குளிரும் தாங்காமல் ஹங் துவா உள்ளிட்டோர் இடைவழியில் தங்கினர். துன் மாமாட் மட்டும் நன்கு நடக்கவல்ல இரண்டு மூவருடன் மேலே சென்றார். மலை அனைவரையும் ஏற்பதில்லை என்பதையும், தகுதியுடையோர் சிலரே செல்ல வேண்டும் என்பதையும் கதை தன்போக்கில் உணர்த்துகிறது. அத்துடன் காட்டை வெட்டிப் பாதை அமைத்த இந்திரகிரி மக்கள் பெயரற்ற கூட்டமாகவே நிற்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தூதர் பெயர் நிலைத்தது. வழி வெட்டியவரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

ஆய்வாளரும் சுமையாளரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைக்கு வந்தோர் வேறொரு வகையினர். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் பணியில் மருத்துவராகச் சேர்ந்த தாவரவியலார் வில்லியம் கிரிஃபித் 1842ஆம் ஆண்டில் இங்குச் செடிகளைத் திரட்டினார். 1845இல் மலாக்காவிலேயே மறைந்தார். 1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து புறப்பட்டு மலையேறினார். அவ்வனுபவத்தை 1869இல் வெளிவந்த தம் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் எழுதியுள்ளார். சேற்றிலும் அட்டைகளிடையேயும் நடந்தது, பாடாங் பத்து என்னும் பாறைவெளியில் அரிய பெரணிகளைக் கண்டது, நீர் கிடைக்காமல் குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைக் குடித்தது, யானையின் எச்சத்தையும் காண்டாமிருகத்தின் தடத்தையும் பார்த்தது ஆகிய செய்திகள் அதில் உள்ளன.

அக்காலக் காட்டின் நிலையை அறிய இது சிறந்த ஆவணமாகும். வாலஸ் தடம் கண்ட அக்காண்டாமிருக இனம் இன்று மலேசியக் காடுகளில் இல்லை; இந்நாட்டின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் இறந்தது. 165 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இவ்விழப்பைக் கருதும்போது, மலையேறுவோர் குறிப்பேடுகளை வெறும் பயண இலக்கியமாகக் கொள்ள இயலாது. அவை நாம் எதை இழந்தோம் என்பதைக் காட்டும் கணக்கேடுகளும் ஆகும்.

வாலஸுடன் ஆறு மலாய்க்காரர்கள் சுமை தூக்கிச் சென்றனர். சமைக்கவும் பறவைகளைச் சுட்டுத் தோலுரிக்கவும் மலாக்காப் போர்த்துகீசியர் இருவரை அவர் அமர்த்தியிருந்தார். அவர்களின் உழைப்பின்றி ஒரு பெரணியும் இலண்டன் சென்றிருக்காது. அறிவியல் பெயர்களில் ஐரோப்பிய ஆய்வாளர் நிலைபெற, சுமையாளரும் காட்டை அறிந்தோரும் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சினர். மலாக்காவின் உட்பகுதிகளில் வாழ்ந்துவரும் தெமுவான் பழங்குடியினரின் காட்டறிவும் இவ்வாறே பெயர் சுட்டப்படாமல் போயிற்று.

மலையடிவாரத் தோட்டங்கள்

தமிழர் இம்மலையின் வரலாற்றில் இடம்பெறுவது மலையுச்சி வழியாக அன்று, அடிவாரம் வழியாக. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் 1911 வரை பணியாற்றிய எச். என். ரிட்லி, குனோங் லேடாங்கின் தாவரங்களைப் பற்றி எழுதியவர். ரப்பர்ப் பயிரை ஓயாது வலியுறுத்தியவரும் அவரே. அவரது ஊக்கத்தால் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மலையடிவாரத்துப் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் அமைத்தார். மலையின் செடிகளைப் பதிவுசெய்த அதே அறிஞர் பரப்பிய பயிருக்காகவே அம்மலையின் அடிவாரக் காடு அழிக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

தோட்டங்கள் பெருகியபோது தமிழகத்திலிருந்து தொழிலாளர் கங்காணி முறையில் திரட்டப்பட்டனர். இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தடை விதிக்கும்வரை இம்முறை நீடித்தது. ஆசாஹான் முதல் கோலா சுங்கை பாரு வரை மலாக்கா மாநிலமெங்கும் லயன் வீடுகளும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் தோன்றின. காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, வழியமைத்த கைகள் இவை. இந்திரகிரி மக்களைப் போலவே இவர்களும் பெயர்ப்பட்டியலில் மட்டும் வாழ்ந்து மறைந்தவர்கள்.

இத்தொழிலாளரிடம் மலைச்சரிவைப் பற்றிய நுட்பமான அறிவு சேர்ந்திருந்தது. தொடக்ககாலத் தோட்டங்களில் களையை அடியோடு அகற்றும் முறை பின்பற்றப்பட்டது. வெற்று மண் மழையில் கரைந்து ஆறுகளைத் தூர்த்தது. பின்னரே மூடுபயிர் வளர்த்தல், சரிவுக்குக் குறுக்கே படிவரிசை வெட்டுதல், நீரோட்டத்தைத் தடுக்கும் குழிகள் தோண்டுதல் முதலியன நிலைபெற்றன. இன்றைய மலைப்பாதைப் பராமரிப்பின் அடிப்படையும் இதுவே. பலர் மிதித்துப் புல்லற்றுப்போன பாதை மழைநீருக்கு வாய்க்காலாகிறது. சேற்றைத் தவிர்க்க நடப்போர் ஓரத்தில் விலகுவதால் பாதை மேலும் அகல்கிறது. தோட்டத்தில் படிவரிசை வெட்டிய முதியவர் ஒருவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. எனினும் அவ்வறிவு சூழலியல் அறிவாக எந்த ஏட்டிலும் மதிக்கப்படவில்லை.

இங்கு மற்றொரு நடைப்பயணத்தையும் நினைவுகூர்தல் தகும். 1967ஆம் ஆண்டில் புக்கிட் ஆசாஹான் தோட்டத் தொழிலாளர் தங்கள் குறைகளை முறையிடக் கோலாலம்பூர் நோக்கி நெடுநடைப் பயணம் மேற்கொண்டனர். மலேசிய இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தனியிடம் பெற்ற நிகழ்ச்சி அது. ஓய்வுக்காக மலையேறும் நடையும், வாழ்வுக்காகச் சாலையில் நடந்த நடையும் ஒரே அடிவாரத்தில் நிகழ்ந்துள்ளன. முன்னதன் வரலாற்றை எழுதும்போது பின்னதை விட்டுவிடுதல் முறையாகாது.

பூங்காவும் நீரும்

ஜொகூர் மாநிலம் 1989ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களுக்கான சட்டத்தை இயற்றியது. இப்புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் குனோங் லேடாங் அச்சட்டத்தின்கீழ்ப் பூங்காவாயிற்று. சாகில் பகுதியிலுள்ள நுழைவாயிலில் பதிவு, வழிகாட்டியின் துணை, கொண்டுசெல்லும் பொருள்களைப் பட்டியலிட்டுத் திரும்பும்போது கணக்குக் காட்டுதல் ஆகிய நடைமுறைகள் உருவாயின. பிற இடங்களிலும், 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்தின்கீழ், நிலையான ஒதுக்கக் காட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். மலாயில் மலிம் குனோங் எனப்படும் வழிகாட்டிகள் இன்று பயிற்சியும் சான்றும் பெற்ற பணியாளராக விளங்குகின்றனர்.

இவ்விதிகளைச் சிலர் வெறும் கெடுபிடி என்பர். மலையின் பயன் மலையேறுவோரோடு முடிவதில்லை என்பதை அவர்கள் கருதுவதில்லை. மலாக்கா மாநிலத்தின் மூன்று நீர்த்தேக்கங்களுள் ஒன்று ஆசாஹானில், இம்மலையின் அடிவாரத்தில் உள்ளது. டுரியான் துங்கால், ஜுஸ் ஆகியன ஏனைய இரண்டு. 1991ஆம் ஆண்டில் டுரியான் துங்கால் வறண்டு மாநிலமே நீருக்குத் தவித்ததை நடுத்தர வயதினர் இன்றும் மறக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நீர்ப்பங்கீடு நடைமுறைக்கு வந்தது. உயரமான காடுகள் மழையை ஏற்று மெல்ல வெளியிடுவதாலேயே ஓடைகள் வறட்சியிலும் ஓடுகின்றன. ஓடைக்கரையில் கழிவையும் குப்பையையும் விட்டு வருபவர் கீழேயுள்ளோரின் குடிநீரைக் கெடுக்கிறார். மலையையே காணாத கடலோர ஊர் மக்களும் மலாக்காவின் நீர்வளம் காக்கப்படுவதில் பங்குடையவர்களே.

பிற மலைகள் தரும் படிப்பினை

விதிகள் ஏன் வேண்டும் என்பதற்குத் தமிழகத்தின் தேனி மாவட்டம் துயரமான சான்று தருகிறது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், கோடைத் தீப்பருவத்தில், குரங்கணி மலைப்பகுதியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலில் உதவிக்கு விரைந்தோருள் மலைக்கிராம மக்களும் இருந்தனர். அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 40 வழித்தடங்களைக் கொண்ட அரசுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அந்தந்த மலைகளின் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். தீப்பருவத்தில் வழித்தடங்களை மூடும் வழக்கமும் ஏற்பட்டது. காட்டை அறிந்தோரை முன்னிறுத்தும் மலைபடுகடாத்தின் நெறிக்கு அரசு நிருவாகம் பெருவிலை கொடுத்துத் திரும்பியது என்று இதனைக் கூறலாம்.

சபாவின் கினபாலு மலை 1964இல் பூங்காவாகவும் 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கு நாள்தோறும் ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்புண்டு. வழிகாட்டியின்றி ஏற இயலாது. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவரும், தம்மை நம்பி வந்தோருடன் இருந்த மலை வழிகாட்டிகளும் அடங்குவர். ஒழுங்குமுறை இயற்கைச் சீற்றத்தைத் தடுத்துவிடாது. ஆனால் மலையில் யார் யார் உள்ளனர் என்ற பதிவும், வழி அறிந்தோரின் அருகிருப்புமே எஞ்சியோரை மீட்கத் துணைசெய்வன. மலையேறுவோருக்குரிய காப்பீடும் மதிப்பும் வழிகாட்டிக்கும் உண்டா என்ற வினாவையும் அந்நாள் நம்முன் வைத்தது.

இலங்கையின் சிவனொளிபாதமலையில் சிக்கல் வேறுவகையானது. மார்கழி முழுநிலா முதல் வைகாசி முழுநிலாவரை நீளும் பருவத்தில் பல சமயத்தாரும் அங்கு ஏறுகின்றனர். அதன் சூழ்காடு 2010ஆம் ஆண்டில் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். அடிவாரத்தில் மலையகத் தமிழரின் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. புனிதப் பயணமும் நெகிழிக் குப்பையை விட்டுச் செல்கிறது. பத்தி மட்டுமே மலையைக் காத்துவிடாது என்பதற்கு அது சான்று.

வரலாறு வலியுறுத்தும் நடைமுறைகள்

மேற்கண்ட செய்திகளிலிருந்து, மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் கழகங்களும் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, பருவமும் எண்ணிக்கையும். பெருமழைக் காலத்தில் மலை ஓடைகளில் திடீர் நீர்ப்பெருக்கு ஏற்படும். மலாய் மொழியில் இதனைக் கெப்பாலா ஆயர் என்பர். அருவியடியில் வானம் தெளிவாக இருப்பினும் மேலே பெய்த மழை நொடிப்பொழுதில் வந்து சேரும். பெருங்கூட்டத்தைத் தவிர்த்துச் சிறு குழுக்களாகச் செல்வது பாதைக்கும் பாதுகாப்புக்கும் நல்லது.

இரண்டாவது, பாதையும் பொருளும். சேறாயினும் பாதையிலேயே நடத்தல், கொண்டுசென்றதைத் திரும்பக் கொணர்தல், ஓடையிலிருந்து விலகிக் கழிவகற்றல், செடியையும் பூவையும் பறிக்காதிருத்தல் ஆகியன இதில் அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் திரட்டியது அக்கால அறிவியலின் தேவை. இன்று குடுவைச் செடியொன்றைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவர எந்த நியாயமும் இல்லை.

மூன்றாவது, ஊதியமும் பெயரும். வழிகாட்டிக்கும் சுமையாளருக்கும் உரிய ஊதியம் தருவதோடு, அவர் தூக்கும் சுமைக்கு அளவும், நேரக்கூடிய தீங்குக்குக் காப்பும் இருத்தல் வேண்டும். பயண அறிக்கை எழுதும் மாணவர், தம்மை அழைத்துச் சென்றவரின் பெயரை அவர் இசைவுடன் முதற்பக்கத்தில் எழுதப் பழக வேண்டும். வாலஸின் ஆறு சுமையாளருக்குக் கிடைக்காததைக் கொடுக்கும் எளிய வழி இது.

நான்காவது, அடிவாரத்தில் தங்குதல். ஆசாஹான் பகுதிக் கடைகளில் உண்பதும், அங்குள்ள முதியோரிடம் தோட்ட வரலாற்றைக் கேட்டுப் பதிவுசெய்வதும் மலையேற்றத்தின் பகுதியாக வேண்டும். ரப்பர் செம்பனைக்கு இடம் தந்து, தோட்ட மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த பின், அந்நினைவுகள் விரைந்து குறைந்து வருகின்றன. கோலா சுங்கை பாரு மாணவர் ஒருவர் ஆசாஹான் முதியவரிடம் படிவரிசை வெட்டிய முறையைக் கேட்டறிந்தால், தம் பாட்டனாரின் உழைப்பையும் அவர் அதே உரையாடலில் அறிந்துகொள்வார்.

முடிவுரை

குனோங் லேடாங் இளவரசியின் நிபந்தனைகள் நிறைவேற்ற இயலாதவை. அவை மறுப்பின் நாகரிக வடிவம் என்று அறிஞர் பலர் விளக்குவர். இக்காலப் பூங்காக்களின் நிபந்தனைகள் அத்தகையன அல்ல. அனுமதி, வழிகாட்டி, எண்ணிக்கை வரம்பு, பொருட்கணக்கு ஆகியன எவரும் நிறைவேற்றக்கூடியவை. அவற்றை நிறைவேற்றத் தவறும்போது விலை கொடுப்பவர் மலையுச்சியில் படமெடுத்துத் திரும்பும் நாம் அல்லோம். அடிவாரத்தில் நீர் பருகுவோரும், நம் சுமையைத் தூக்குவோரும், விபத்தில் முதலில் விரைந்து வருவோரும் அவ்விலையைக் கொடுக்கின்றனர்.

மலையேற்றத்தின் வரலாறு உச்சியைத் தொட்டவரின் வரலாறாகவே இதுவரை எழுதப்பட்டுள்ளது. இந்திரகிரி மக்கள், பெயரறியாச் சுமையாளர், பழங்குடியினர், தோட்டத் தமிழர் ஆகியோரை அதனுள் சேர்த்தெழுதும்போதுதான் பொறுப்பு என்னும் சொல் யாருக்குரிய பொறுப்பு என்பது தெளிவாகும். பாதை பிரியுமிடத்தில் புல்லை முடிந்து வைக்கச் சொன்ன மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பணியைத் தொடங்குவதற்கு முழுத் தகுதி உடையவர்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்கு மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லும்முன், மலைபடுகடாத்தின் வழிநடைப் பகுதியை வகுப்பில் ஒருமுறை படித்துவிட்டுச் செல்வது நல்ல தொடக்கமாக அமையும்.